கடகடா மெக்கானிக்

"மெட்ராஸ் ராஜ்ஜியத்துல இருந்த வரைக்கும் என் காருல இந்தச் சத்தம் இல்லப்பா. ஆந்திராவுக்கு வந்தமா, வந்துட்ச்சி."

பிச்சாட்டூர் ஆதிநாராயணன் இப்படிச் சொன்னது சித்தூர் ஜில்லா புத்தூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மெக்கானிக் நாகேந்திரனின் ஷெட் வாசலில். எல்லையை மாற்றிய 1960ஆம் வருஷம் அது. பிச்சாட்டூரைச் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து எடுத்துச் சித்தூர் ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். ஊரோடு ஆதிநாராயணனும் வந்தார். அவரோடு அவருடைய இரண்டு பஸ்களும் வந்தன. அதுவரை ஊத்துக்கோட்டையில் பழுது பார்த்த பஸ்களை இனி இந்தப் பக்கத்தில் யாரிடமாவது விட்டாக வேண்டும். முதலில் என் காரைச் சரிபண்ணு, பண்ணினால் இரண்டு பஸ் வேலையும் உனக்கு, இல்லாவிட்டால் சித்தூரில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நாகேந்திரனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே ஓட்டிக் காட்டினார். பள்ளத்தில் இறங்கினால் கட கட. மேட்டில் ஏறினால் கட கட.

நாகேந்திரன் காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்தான். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினான். ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்டினான். முன் சக்கரத்துக்குக் கிங்பின், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டான். தனியாக ஓட்டிப் பார்த்தால் கார் பூனை மாதிரி போனது. ஆதிநாராயணன் ஏறினால், அவர் ஓட்டினாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்தாலும் சரி, கட கட.

ஆள் கனம்தான் காரணமோ என்று, அவர் எடைக்கு வேர்க்கடலை மூட்டையைப் பக்கத்து சீட்டில் ஏற்றி, மரியாதைக்காக அதற்கு ஒரு துண்டும் போர்த்தி, நாராயணவனம் வரை போய் வந்தான். மூட்டை சத்தம் போடவில்லை. ரோட்டுப் பள்ளங்களுக்கே அவன் கிரீஸ் வைத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஒரே ஒரு பள்ளத்துக்குத்தான் வைத்தான்.

டீக்கடைக் கங்கையா, கார் மெட்ராசை நினைத்து அழுகிறது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தான். அதோடு விட்டானா?

"காலு ஒடஞ்சவன்லாம் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கத் தேடிக்கினு வர்ற ஊரு நைனா இது. பேசாம காரையும் அந்த எலும்பு வைத்தியருகிட்டயே இட்டுக்கினு போயி ஒரு கட்டு போட்டுடேன்."

கடையே சிரித்தது. நாகேந்திரன் குனிந்த தலையோடு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பின்சந்து வழியாகத்தான் ஷெட்டுக்கு வந்தான், திருடப் போகிறவன் மாதிரி.

ஒரு நாள் அவன் மனைவி சந்திரம்மா குழாயடியிலிருந்து பாதிக் குடத்தோடு திரும்பினாள். கடகடா மெக்கானிக் வீடு எது என்று எவளோ வெளியூர்க்காரி அவளிடமே வழி கேட்டாளாம்.

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டன்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

டீக்கடைச் சிரிப்பையெல்லாம் தாங்கியவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை ஆதிநாராயணன் வந்தபோது, இன்றைக்குச் சத்தம் நிற்காவிட்டால் பஸ் இரண்டும் சித்தூருக்குத்தான் என்று டீக்கடை கேட்கும்படியே சொன்னார். நாகேந்திரன் தரையைப் பார்த்தபடி காரில் ஏறினான்.

ஊர் தாண்டும் வரை ஆதிநாராயணன் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். பள்ளங்கள் வந்தன, போயின. சத்தமே இல்லை. திட்ட வார்த்தை தீர்ந்து அவர் ஓய்ந்ததும், அடுத்த பள்ளத்தில் கட கட.

அதுவரை சக்கரத்திலேயே காதை வைத்திருந்த நாகேந்திரன் அப்போதுதான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் வெளியே திரும்பிக்கொண்டான். யாரோ குளிக்கிற இடத்தில் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டவன் போல அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க மொதலாளி. ஒரு பார்ட்டு லூசா கீது. தப்பா நெனச்சிக்கக் கூடாது."

"எந்தப் பார்ட்டு?"

ரோட்டில் ஈ காக்கை இல்லை. இருந்தாலும் நாகேந்திரன் அவர் காதோடு சொன்னான். சொன்ன கையோடு இறங்கிப்போய், அங்கிருந்த புளியமரத்தில் ஏதோ ரிப்பேர் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முதுகுக்குப் பின்னால் ஹார்ன் மெதுவாக ஒலித்தது.

திரும்பி வரும்போது வழியிலிருந்த எல்லாப் பள்ளத்திலும் கார் இறங்கி ஏறியது. புத்தூர் வரை ஒரு கட கட இல்லை.

ஷெட் வாசலில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கங்கையா ஓடிப்போய், முதலாளி உள்ளே இருக்கும்போதே காரைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்து, சத்தம் போய்விட்டதென்று ஒப்புக்கொண்டான். என்ன ரிப்பேர் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். லூசாக இருந்த பார்ட்டைக் கழற்றியாகிவிட்டது என்றான் நாகேந்திரன். ஜெயித்தவன் மாதிரி இல்லை. இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பஸ்ஸு வேல யாருக்கு? மொதலாளி வாயால சொல்லட்டும்" என்றான் கங்கையா.

எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற ஆதிநாராயணன், கூட்டத்தை நிமிர்ந்து பார்க்காமல், உதட்டை இறுக்க மூடியபடி நாகேந்திரனைக் கையால் காட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். பிச்சாட்டூர் ஆந்திராவுக்கு வந்த அதே மாதம், வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மெட்ராசுக்குப் போய் அவர் கட்டிக்கொண்டு வந்த பல் செட், மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக, கைக்குட்டையில் சுற்றி அவர் சட்டைப் பையில் இருந்தது.