நாலு அங்குலம்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடி. காலை வெயிலில் கான்கிரீட் லாரியின் உருளை கரகரவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் கொட்டாவிட்டால் உள்ளே இருப்பது கல்லாகிவிடும். கட்டட ஆய்வாளரின் கையெழுத்து விழுமுன்பே லாரியை வரவழைத்த மேஸ்திரி வெண்டல், விற்காத சரக்கை விற்பவனின் சிரிப்போடு அஸ்திவாரக் குழியின் விளிம்பில் நிற்கிறான். ஆய்வாளர் இங்க்ரிட் குழிக்குள் டேப்பை இறக்குகிறாள். "அஞ்சடி! நீங்களே பாத்துக்குங்க மேடம்." "பாக்குறேன் வெண்டல். தோண்டிப் போட்ட மண்ணுமேல ஏறி நின்னா நானும் ஆறடிதான்." பூட்ஸ் காலால் விளிம்பு மண்ணைத் தள்ளுகிறாள். அடியில் பழைய புல்தரை தெரிகிறது. அங்கிருந்து அளந்தால் நாலு அங்குலம் குறைகிறது. "நாலு அங்குலம்தானே மேடம்..." "அஞ்சடிக்கு மண்ணு உறையுற ஊரு இது. அஸ்திவாரம் அதுக்கு மேலயே நின்னுட்டா, உறைஞ்ச மண்ணு உப்பி வீட்டையே தூக்கிரும்." லாரி டிரைவர் தலையை நீட்டுகிறான். "அண்ணே, கொட்டவா, திருப்பவா?" வெண்டலின் சிரிப்பு கழன்று விழுகிறது. மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவனே குழிக்குள் குதிக்கிறான். பின்னாலேயே அவனுடைய ஆட்கள் ஆறு பேரும் குதிக்கிறார்கள். மண் பறக்கிறது. இங்க்ரிட் தன் காருக்குப் போகவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். "அந்த மூலையில இன்னும் ரெண்டு அங்குலம்," என்கிறாள்.