கேரியரில் இருப்பவர்

"பார்த்துப் போங்க மொதலாளி! பின்னாடி உட்காந்துகினு இருக்கறவரு கால் சக்கரத்துல மாட்டிக்கப் போவுது!"

பூக்காரி உரக்கச் சொன்னாள். கோதண்டராமன் திரும்பவில்லை. குனிந்து இன்னும் வேகமாக மிதித்தார். தேரடி வீதியின் காலை நெரிசலில், குதிரை வண்டிகளுக்கும் செங்கம் பஸ்ஸுக்கும் நடுவே அவருடைய சைக்கிள் நெளிந்து நெளிந்து போயிற்று.

இப்படி அவள் சொல்வது இது ஐந்தாவது நாள். ஐந்து நாளும் அவர் வீட்டிலிருந்து தனியாகத்தான் கிளம்பியிருந்தார்.

வேர்க்கடலை மண்டி முதலாளி அவர். சொந்தமாக ஒரு அம்பாசடர் உண்டு. மார்கழியிலிருந்து அது ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"நல்லா ஓடற காரை வச்சிக்கினு ஏன் இந்த வெயில்ல மிதிக்கறீங்க?" என்று மனைவி சரோஜாகூடக் கேட்டுவிட்டாள்.

"பெட்ரோல் விக்கற வெலையில காரைத் தொட முடியுமா?" என்றார். எழுபத்துநாலாம் வருஷம் அது. அந்தப் பதிலை எல்லோரும் நம்பினார்கள்.

மண்டிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மண்ணாங்கட்டி, பின் டயரை அமுக்கிப் பார்த்தான்.

"நேத்துதானே காத்தடிச்சேன்? மறுபடியும் இறங்கிடுச்சே!"

"பஞ்சரா இருக்கும், பாரு."

"தண்ணியில முக்கிப் பார்த்துட்டேன் மொதலாளி, ஒரு குமிழிகூட வரல. முன் சக்கரம் கல்லு மாதிரி இருக்குது. தெனம் யாரையாச்சும் டபுள்ஸ் ஏத்திக்கினு வரீங்களா? போலீசு பார்த்தா புடிச்சுக்குவாங்க."

"நான் யாரைடா ஏத்தப் போறேன்?"

அவர் கத்திய கத்தலில் மண்ணாங்கட்டி ஒரு அடி பின்வாங்கினான். "கோவிச்சுக்காதீங்க. மூட்டை ஏத்தற வண்டிகூட இவ்ளோ அமுங்காது. அதான் கேட்டேன்."

கோதண்டராமன் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மண்டிக்குள் போய்விட்டார்.

காரை ஷெட்டில் போட்ட அன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து விடியற்காலையில் அவரேதான் காரை ஓட்டி வந்தார். மலையையே காணாமல் அடித்துவிட்ட மார்கழிப் பனி. திடீரென்று கண்ணெதிரே ஒரு சைக்கிளின் பின்சக்கரம். ஒரு சத்தம். இடது விளக்கு நொறுங்கியது. அவர் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்த ஆள் செத்துப்போனது மறுநாள் டீக்கடைப் பேச்சில்தான் காதில் விழுந்தது. உடைந்த விளக்கை எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் அடுத்த வாசல் ஜெயில். அது ஒரு பக்கம். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாலே அந்தச் சத்தம் காதில் கேட்டது இன்னொரு பக்கம்.

ஆறாம் நாள் தேரடி வீதியைத் தவிர்த்து, குளத்தங்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். மேட்டில் மிதிக்க முடியவில்லை. யாரோ பின்னால் கனமாகச் சாய்ந்துகொண்ட மாதிரி சைக்கிள் முனகியது.

திருப்பத்தில், டீக்கடை ஓரமாக, அதே பூக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கித் தள்ளிக்கினு போங்க மொதலாளி," என்றாள் மெதுவாக. "பாவம், அவருக்கு உட்காரவே முடியல."

கோதண்டராமன் பிரேக்கை அழுத்திக் காலை ஊன்றினார். கண்ணை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கவில்லை.

"யாரும்மா அது? எப்படி இருக்கான்?"

"நீங்களே திரும்பிப் பாருங்களேன்."

"என்னால முடியல."

"தலையில கட்டின துண்டு நனைஞ்சிருக்குது. பனியா, ரத்தமான்னு தெரியல."

அவ்வளவுதான். அவருக்குள் ஏதோ அறுந்து விழுந்தது.

"பனிம்மா... பனியில கண்ணு தெரியல. நான் வேணும்னு இடிக்கல. காரை நிறுத்தியிருக்கணும். அன்னிக்கு நிறுத்தித் தூக்கியிருந்தா அந்த ஆளு பொழைச்சிருப்பான்..."

பூக்கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. டீக்கடை பெஞ்சில் மஃப்டியில் உட்கார்ந்திருந்த போலீஸ் ஏட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கேட்டீங்களா ஏட்டய்யா?"

"கேட்டேன் பாஞ்சாலை. நீ சொன்ன மாதிரியே தேரடியை விட்டுட்டு இந்த வழியாத்தான் வந்தாரு."

கூடை நிறையப் பூ வைத்திருந்தவளின் தலையில் ஒரு பூகூட இல்லை என்பதைக் கோதண்டராமன் அப்போதுதான் கவனித்தார்.

"செத்தது என் வூட்டுக்காரரு," என்றாள் அவள். "ரோட்டுல கெடந்த கண்ணாடியை வச்சு, இடிச்சது காருன்னு மட்டும்தான் கண்டுபுடிச்சாங்க. அந்த வாரத்துலேர்ந்து காரை உள்ள போட்டுட்டு சைக்கிள் மிதிக்கறவங்க இந்த ஊர்ல நாலே பேரு. நாலு பேரு போற வழியிலயும் போயி உட்காந்தேன். நாலு பேர்கிட்டயும் பின்னாடி ஆளு இருக்குதுன்னு சொன்னேன். மூணு பேரு திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தர் சிரிச்சாரு, ஒருத்தர் பைத்தியம்னு திட்டினாரு, ஒருத்தர் பாவப்பட்டு ரெண்டு முழம் பூ வாங்கிக்கினு போனாரு. நீங்க மட்டும்தான் திரும்பவே இல்ல. அன்னிக்கும் திரும்பலியே மொதலாளி!"

ஏட்டு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். இனி ஜெயில்தான் என்று தெரிந்தும், கோதண்டராமனுக்கு இத்தனை நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

"அப்போ பின்னாடி யாரும் இல்லியா? எல்லாம் பொய்தானே?"

பாஞ்சாலை அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளைத் தாண்டி, கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"மத்த மூணு பேர்கிட்ட சொன்னதுதான் பொய்."