மூணு தபா

பழைய டியூப் லைட் பட்டிக்குள் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை ஒட்டி, ஒயரை இணைத்துவிட்டு, வாசலில் ஸ்டூல் மேல் நின்றபடி ரஞ்சித்குமார் கத்தினான்.

"ரேணு, ஸ்விட்சப் போடு!"

உள்ளேயிருந்து மனைவி போட்டாள். விளக்கு மூன்று முறை வெட்டிவிட்டு, அப்புறம் நின்று எரிந்தது.

கருங்குழியிலிருந்து வந்திருந்த மாமனார் எல்லப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா மாப்ள, இப்டி வெட்டுது? கடையில ரெடியா விக்கிறத வாங்கி மாட்டியிருக்கலாம்ல?"

"லைட்டு நல்லாத்தான் கீது மாமா."

"இன்னா நல்லா கீது? எங்க வூட்டு வாசல் டியூப் லைட்டும் இப்டித்தான், பொழுது சாஞ்சா மூணு தபா வெட்டும். அப்ப எதிர் வூட்லதானே இருந்தீங்க, பாத்திருப்பீங்களே?"

"பாத்திருக்கேன் மாமா," என்றான் ரஞ்சித்குமார், ஒயரையே பார்த்துக்கொண்டு.

"எத்தினி ஸ்டார்ட்டர் மாத்தியிருப்பேன்! நிக்கவே இல்ல. ரேணுகாவ உங்களுக்குக் கட்டிக் குடுத்த மறுநாளே தானா சரியாயிடுச்சு. இன்னா கோளாறுன்னு இன்னிவரைக்கும் புரியல."

உள்ளே ஸ்விட்ச் பக்கம் வளையல் குலுங்கியது. விளக்கு மறுபடியும் மூன்று முறை வெட்டியது.

"பாத்தீங்களா, திரும்பவும்!" என்று எல்லப்பன் திரும்பினார்.

ஸ்டூலில் மாப்பிள்ளை இல்லை.