சென்சாருக்கு வைத்த பொட்டு

இழுவை கூடட்டும் என்று இருளாண்டி ஆசையாகப் பெரிய டர்போ மாட்டியிருந்த பிக்கப் வண்டி, மலையின் முதல் வளைவிலேயே இழுக்காமல் திணறியது. சந்தை கலைவதற்குள் மேலே போய்ச் சேராவிட்டால் ஏற்றியிருந்த தக்காளி அத்தனையும் குப்பைக்குத்தான்.

போன் போட்டதும் வந்த மெக்கானிக் ஸ்டீபன், காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான். மயிரிழைக் கம்பியில் சந்தனம், குங்குமம்.

“யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?”

“நேத்து ஆயுத பூசையில்ல? இவரு அதைக் கழட்டித் தொடச்சு வச்சிருந்தாரு. எல்லாத்துக்கும் வச்சிட்டு இதை மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?” என்றாள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த இருளாண்டியின் மனைவி பேச்சி.

“வச்சதுக்குத்தான்க்கா கோவிச்சுக்கிச்சு.”

ஸ்பிரே அடித்துக் கழுவி மாட்டியதும் வண்டி உறுமியது. பேச்சி சந்தோஷமாக, நேற்றைய பூசையில் மிஞ்சிய சந்தனக் கிண்ணத்தோடு வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். ஸ்டீபன் சட்டென்று பானெட்டை மூடிவிட்டு, குனிந்து தன் நெற்றியைக் காட்டினான்.