ஆடாதீங்க!

எங்கள் கருங்கடல் கரையில் பெரிய ஹோட்டல் வந்தால், நாங்கள் கடலில் இறங்கும் வழி போச்சு. அந்த ஹோட்டலுக்காக மண்ணைப் பரிசோதிக்க வந்தாள் இன்ஜினியர் நெவெனா. அதிர்வைப் பதியும் கருவிகளை மணலில் வரிசையாக நட்டு, சம்மட்டியால் தரையில் அடித்தாள்.

"யாரும் பக்கத்துல நடக்காதீங்க! அதிர்வு கெட்டுடும்!"

அது போதாதா எங்களுக்கு? கோஸ்தாதின் மேளத்தைத் தோளில் மாட்டினான். கருவிகளை ஒட்டியே ஊர் கைகோத்து எங்கள் ஹோரோ நடனம் ஆட இறங்கியது.

"ஆடாதீங்க! நிறுத்துங்க!"

"எங்க ஊரு, எங்க காலு! கேக்க நீ யாருடி?" என்று இன்னும் ஓங்கி மிதித்தாள் என் மனைவி ஸ்தான்கா.

நெவெனா கத்தக் கத்த, பொழுது சாயும்வரை ஆடினோம். பிறகு அவள் கருவிகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"என்னம்மா, வேலை கெட்டுச்சா?" என்றேன் இளக்காரமாக.

"அமோகமா முடிஞ்சுது. சம்மட்டி அடிக்கு மேல்மண்ணுதான் தெரியும். நீங்க எல்லாரும் மிதிச்ச மிதியிலதான் அடியாழம் தெரிஞ்சுது. கீழே முழுக்கச் சேறு. இங்க ஹோட்டல் நிக்காதுன்னு எழுதப்போறேன்."

ஸ்தான்கா திகைத்தாள். "அப்புறம் ஏன் ஆடாதீங்கன்னு கத்தின?"

"ஆடுங்கன்னு கெஞ்சியிருந்தா ஆடியிருப்பீங்களா?"

"செத்தாலும் மாட்டோம்!" என்றது ஊர், ஒரே குரலில்.