‘பாக்கலாம்’ என்பது பதில் அல்ல

‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் போதாது’ என்று மறுபடியும் சிவப்பில் வந்து நின்றது. ஓரெஸ்ட் மடிக்கணினியை முறைத்தான். கனடாவின் கால்கரி கோர்ட்டில் அவன் வாதாடினால் நீதிபதிகளே நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே பருப்பு வேகவில்லை.

“இந்தத் தடவை என்ன எழுதினீங்க?” என்று மனைவி பெத் எட்டிப் பார்த்தாள்.

“வேலை ஜாஸ்தின்னு. ‘இந்தக் காரணம் போன வருடமே பயன்படுத்தப்பட்டுவிட்டது’ங்குது.”

“கார் ரிப்பேர்னு போடுங்க.”

போட்டான். ‘உங்களிடம் இரண்டு கார்கள் உள்ளன’ என்றது.

அது அரசாங்க விண்ணப்பம் இல்லை, அம்மாவுடையது. வினிபெக்கில் தனியாக இருக்கும் ஸ்டெஃபானியா, அக்டோபரில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்காகத் தன் மூன்று பிள்ளைகளுக்கும் அனுப்பியிருந்த இணையப் படிவம்.

போன வருடம் மூன்று பேரும் “பாக்கலாம்மா” என்றார்கள். ஒருவரும் வரவில்லை. அடுப்பில் வெந்த முழு வான்கோழியை அம்மா ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்க நவம்பர் ஆகிவிட்டது.

ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் இணையப் படிவங்களுக்கு விதி போடுவதுதான் அவள் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் அசையாது. கண்ணின் நிறத்தை எழுதாத குற்றத்துக்காகச் சொந்தப் புருஷனின் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பியவள்.

ஓரெஸ்ட் போனை எடுத்தான். “அம்மா, என்னால வர முடியாதும்மா. வாயால சொல்லிட்டேன், போதுமா?”

“வாயால சொன்னா சிஸ்டம் எடுத்துக்காதுப்பா. கட்டத்துல போடு.”

“நீதானம்மா சிஸ்டம்!”

“அப்போ சிஸ்டத்துகிட்ட மரியாதையா பேசு.” வைத்துவிட்டாள்.

ரெஜைனாவில் இருக்கும் தங்கை லரிசாவைக் கூப்பிட்டான். அவள் ஏற்கெனவே சரணடைந்திருந்தாள். “நான் ‘பாக்கலாம்’னு போட்டேன். ‘பாக்கலாம் என்பது பதில் அல்ல’ன்னு வந்துச்சு. விடிய விடிய மல்லுக்கட்ட முடியுமா? வர்றேன்னு போட்டுட்டேன்.”

வேறு வழியில்லை. ஓரெஸ்டும் ‘வருகிறேன்’ என்பதைத் தட்டினான். அப்போதும் விடவில்லை, புதுப் பக்கம் ஒன்று திறந்தது. வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா? வான்கோழியை அடுப்பில் ஏற்றப்போவது யார்? முட்டைக்கோஸ் சுருள் யார் கொண்டுவருகிறீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பினான்.

கடைசிக் கட்டத்தில் கை நின்றது. ‘உங்கள் தம்பி மைரன் இப்போது என்ன வேலை பார்க்கிறார்?’

அப்பா போனபிறகு அவருடைய மீன்பிடிப் படகு யாருக்கு என்று தொடங்கிய சண்டை. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

‘தெரியாது’ என்று அடித்தான். ‘கேட்டு எழுதவும்’ என்றது. ‘ஏதோ வேலை’ என்று அடித்தான். ‘அப்படி ஒரு வேலை இல்லை’ என்றது.

எழுந்து சமையலறைவரை போனான், திரும்பி வந்தான். பெத் போனை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“யாரு?” என்றது மைரனின் குரல்.

“நான்தான்டா.”

ஓரெஸ்ட் திரையைப் பார்த்துக் கேள்வியை வாசித்தான்.

“நீ... இப்போ என்ன வேலைடா பாக்கறே?”

“அண்ணே, ஃபார்ம்ல நிக்கறியா?” மைரன் வெடித்துச் சிரித்தான். “நானும்தான் நிக்கறேன். உன் பெரிய பொண்ணு என்ன படிக்கறா? சொல்லித் தொலை, காலையிலேர்ந்து உசுரை வாங்குது!”

“பல் டாக்டருக்குப் படிக்கறா. நீ?”

“ஹாக்கி மைதானத்துல ஐஸ் வழிக்கிற வண்டி ஓட்டறேன்.”

“அதுக்குச் சம்பளமெல்லாம் தர்றாங்களா?”

“உன்னை மாதிரி பொய் சொல்லாமலே தர்றாங்க.”

ஓரெஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. “டேய், அந்தப் படகை நீயே வச்சுக்கடா.”

“வேணாம்ணே, அடியில ஓட்டை. நீ வச்சுக்க.”

விருந்தன்று மூன்று குடும்பமும் வினிபெக்கில் வந்து இறங்கின. வீடு பூட்டியிருந்தது. “சர்ச்சுக்குப் போயிருப்பாங்க” என்றாள் லரிசா. சாவி போட்டுத் திறந்து வேலையில் இறங்கினார்கள்.

ஓரெஸ்ட் வான்கோழியோடு மல்லுக்கட்ட, மைரன் அதன் காலைப் பிடித்துக்கொண்டான். குழந்தைகள் மாடிப்படியில் உருண்டு விளையாடின. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் பேசுவது ஒருவர் காதில் விழாத சத்தம்.

சாயங்காலம் மேசை நிறைந்துவிட்டது. தலைப்பக்கத்தில் அம்மாவின் நாற்காலி மட்டும் காலி. வான்கோழி ஆறிக்கொண்டிருந்தது.

“போன வருஷம் இப்படித்தானே நம்மளுக்காகக் காத்துகிட்டு உக்காந்திருப்பாங்க...” லரிசாவுக்குக் கண் கலங்கியது. மைரன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். ஓரெஸ்ட் அம்மாவின் எண்ணை அழுத்தி, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

அலைகளின் இரைச்சல். மேளச் சத்தம். யாரோ ஒரு ஆண் கலகலவென்று சிரித்தார்.

“அம்மா! எங்கம்மா இருக்கே?”

“கியூபாவுலப்பா! தண்ணி என்ன சுகமா இருக்குங்கறே!”

“நாங்க மூணு பேரும் இங்க வந்து உனக்காகக் காத்துகிட்டிருக்கோம்மா!”

“தெரியுமே. மூணு ஃபார்மும் ஒரு கட்டம் விடாம வந்துச்சே. சந்தோஷமா சாப்பிடுங்க.”

“அப்போ நீ?”

“நான் வர்றேன்னு எங்கயாவது டிக் போட்டேனாடா?”