எட்டு கிளிக்

சுட்ட ஐந்து குண்டில் ஒன்றுகூட நடுவிலிருந்த பத்துப் புள்ளி வட்டத்துக்குள் விழவில்லை. அவள் இலக்கு அட்டையை மறுபடி உற்றுப் பார்த்தாள். முன்னோட்டமாகச் சுட்டுப் பார்க்கவே விடாத அணித் தேர்வு. போதாததற்கு, நேற்று கணவன் அவள் துப்பாக்கியை ஆசையாகத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, இன்று தானே சுமந்து வந்திருந்தான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

தேர்வாளர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஐந்தும் இடது ஓரத்தில் ஒரே ஓட்டையாகப் போயிருந்தன.

"பிரமாதம்மா."

"கிண்டல் பண்ணாதீங்க சார்."

"முன்னால சுட்டவருக்கு ரெண்டு பத்து விழுந்திருக்கு. மீதி மூணும் மூலைக்கொண்ணு. அது அதிர்ஷ்டம். ஒரே இடத்துல அஞ்சு தடவை சுடறதுதான் கைத்திறமை. உங்க துப்பாக்கியில குறி பார்க்கிற சைட்டோட திருகை எட்டு கிளிக் திருப்பினா அஞ்சுமே பத்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா சைட் தானா இவ்வளவு நகராது. யாராவது தொட்டாங்களா?"

"பூட்டின பெட்டி சார். யாரும் தொடல."

"சரி, நீங்க அணியில இருக்கீங்க."

கால் தரையில் படாமல் வெளியே ஓடினாள். முகமெல்லாம் சிரிப்பு.

பெஞ்சிலிருந்து எழுந்த கணவன், அவள் வாயைத் திறக்குமுன் தோளைத் தட்டினான்.

"அழாத, விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. மெல்லக் கையை நீட்டினாள்.

"பெட்டிச் சாவியைக் குடுங்க."